உழவரின் வயதும் இரத்தக் குழாயின் வயதும்

மாரடைப்பு என்பது பட்டணத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வரும் நோய். வெயிலிலும் மழையிலும் பாடுபடும் உழவரை அது அண்டாது என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் நீண்ட நாட்களாக இருந்து வருகிறது. ஒரு காலத்தில் இதில் பெருமளவு உண்மை இருந்தது. ஏர் பிடித்து, கமலை இறைத்து, கதிர் அறுத்து, சுமை தூக்கிய உடலில் நோய் தங்க இடமில்லாதிருந்தது. இன்று நிலைமை அப்படி இல்லை.

சிறு விவசாயி ஒருவர் ஐம்பது வயதில் மாரடைப்பால் மறைந்தால், இழப்பு அவர் உயிரோடு நிற்பதில்லை. பயிர்க் கடன் நிற்கிறது. படிக்கும் பிள்ளைகள் நிற்கிறார்கள். நிலம் குத்தகைக்குப் போகிறது அல்லது விலைக்குப் போகிறது. பக்கவாதத்தால் படுத்துவிட்டாலோ, அவரைக் கவனிக்க வீட்டில் இன்னொருவரும் வேலையை விட வேண்டியிருக்கிறது. ஆகவே இருதய நலம் என்பது விவசாயக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கிலும் சேர்ந்த விஷயமாகும்.

நோய்க்கு மருந்து தருவது டாக்டரின் பணி. ஆனால், நோய் வராமல் தள்ளிப்போடும் பொருள்களில் பெரும்பாலானவை மருந்துக் கடையில் இல்லை. நம் வயலிலும் வரப்பிலும் கொல்லையிலும் இருக்கின்றன. வேளாண்மைப் பகுதியில் இதைப் பற்றி எழுதக் காரணம் அதுவே.

ஓயாத பம்பு

இருதயம் ஒரு பம்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம், ஒரு நாளில் 7,000 லிட்டருக்கு மேல் இரத்தத்தைச் செலுத்துகிறது. கிணற்று மோட்டாருக்கு மின்வெட்டு நேரத்திலாவது ஓய்வு உண்டு. இதற்கு ஓய்வே கிடையாது.

இரத்தக் குழாய்கள் இளமையில் ரப்பர் குழாய் போல் நெகிழ்ந்து கொடுக்கும். வயது ஏற ஏற விறைப்பாகும். விறைத்த குழாயில் இரத்தத்தைச் செலுத்த அதிக அழுத்தம் தேவை. இதுவே இரத்தக் கொதிப்பு. மேட்டு நிலத்திற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எப்படி அதிகச் சுமை தாங்கிச் சூடேறுகிறதோ, அப்படியே இருதயமும் சுமை தாங்குகிறது.

இத்துடன் இன்னொன்றும் நடைபெறுகிறது. இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு குழாயின் உட்சுவருக்குள் புகுந்து படிகிறது. அந்த இடம் அழற்சி கண்டு தடிக்கிறது. நாளடைவில் அதில் சுண்ணாம்பும் சேருகிறது. புகை, சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு ஆகியவை இந்தப் படிவை விரைவுபடுத்துகின்றன. படிவின் மேல்தோல் கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி அடைபடுகிறது. நேற்று வரை நன்றாக வேலை செய்தவர் இன்று திடீரெனச் சாய்வது இதனால்தான். நோய் வெளிப்படுவது ஒரு நாளில்; ஆனால், அது வளர்ந்தது இருபது, முப்பது ஆண்டுகளில்.

எனவே ஒவ்வொருவருக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிடும் வயது. மற்றது இரத்தக் குழாயின் வயது. முதல் வயதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது வயது பெரிதும் நம் உணவிலும் உழைப்பிலும் இருக்கிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் ரயில் பாதையில் புனலூரைத் தாண்டினால் கொட்டாரக்கரை வரும். அந்த ஊரில் பிறந்து கனடா நாட்டில் பணியாற்றிய இருதய நிபுணர் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் நடைபெற்ற 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சியின் முடிவுகள் 2004-ஆம் ஆண்டு வெளியாயின. முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு, அளந்து அறியக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்கம் தருகின்றன என்று அது காட்டியது. புகைபிடித்தல், இரத்தக் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, தொந்தி, மனக்கவலை, காய்கனி குறைவாக உண்பது, உடலுழைப்புக் குறைவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 'தலையெழுத்து' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவைதாம்.

அதே ஆராய்ச்சியின் விவரங்களைக் கொண்டு 2007-இல் வெளியான மற்றொரு கட்டுரை நமக்கு எச்சரிக்கையாகும். தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயது. அதாவது நம்மவர்களின் இரத்தக் குழாய் ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறது. இளம் வயதிலேயே இந்தக் காரணிகள் நம்மிடம் கூடுதலாக இருப்பதே இதற்குப் பெரும் காரணமாகக் கூறப்பட்டது.

இதற்கு நேர்மாறான சித்திரமும் உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் காட்டுப் பகுதியில் சிமானே என்ற மக்கள் பயிர் செய்தும், மீன் பிடித்தும், வேட்டையாடியும் வாழ்கின்றனர். இவர்களில் 40 வயதிற்கு மேற்பட்ட 705 பேரின் இருதயக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். 100-க்கு 85 பேரிடம் சுண்ணாம்புப் படிவே இல்லை. 80 வயது சிமானே முதியவரின் இரத்தக் குழாய், 50 வயதைத் தாண்டிய அமெரிக்கரின் குழாய் போல இருந்தது.

அவர்கள் உண்பது என்ன? அரிசி, வாழை, மரவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம். அவர்களுக்குக் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 72 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஆனால், அது நார்ச்சத்து மிகுந்த மாவுச்சத்து. ஆண்கள் நாளொன்றுக்கு 6 முதல் 7 மணி நேரம் உடலை அசைத்து வேலை செய்கின்றனர். புகைப் பழக்கமும் மிகக் குறைவு. தொற்று நோய்களால் அவர்கள் படும் துன்பம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வகையில் அவர்கள் வாழ்வு நமக்கு முன்மாதிரி அல்ல. ஆனாலும் உழைப்புக்கு ஏற்ற உணவு இரத்தக் குழாயைக் காக்கும் என்ற பாடம் நமக்குப் பொருந்தும்.

உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை

நம் தாத்தா நாள் முழுவதும் ஏரின் பின்னால் நடந்தார். இன்று டிராக்டர் ஒரு மணி நேரத்தில் உழுதுவிடுகிறது. அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே, ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரம் இல்லாமல் விவசாயம் இல்லை. ஆனால், ஏர் உழுதவருக்கு அளந்து போட்ட சோற்றை, டிராக்டர் ஓட்டுபவருக்கும் அதே அளவில் போடுகிறோம். கைக்குத்தல் அரிசி போய், தவிடு முழுவதும் நீங்கும்படி தீட்டிய வெள்ளை அரிசி வந்துவிட்டது. தவிட்டுடன் நாரும், வைட்டமின்களும், தாதுக்களும் போய்விடுகின்றன.

நெற்பயிருக்குத் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் என்ன ஆகும் என்பதை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிர் பச்சைப் பசேல் என்று வளரும், புகையான் தாக்கும், கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். உடலுக்குச் செலவாகாத மாவுச்சத்தும் அவ்வாறே. அது கொழுப்பாக மாறி வயிற்றிலும் கல்லீரலிலும் சேர்ந்து, சர்க்கரை வியாதிக்கு வழி செய்கிறது.

'அரிசிக்குப் பதில் கம்பு சாப்பிட்டால் போதுமல்லவா?' என்று கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் 1 லட்சத்து 21 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. நம் மக்களுக்குக் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் தீட்டிய தானியம். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசியை மாற்றிக் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் சர்க்கரை வியாதி ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரத உணவைச் சேர்த்தவர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. கம்பும் சோளமும் நல்லவைதாம். ஆனால், கம்பங்களியையும் அளவறிந்தே உண்ண வேண்டும்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீழ்க்கண்டவாறு பரிந்துரைத்துள்ளது. எல்லாம் சமைப்பதற்கு முந்திய எடை.

தானியம் 250 கிராம்
பருப்பு, அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம்
கீரையும் காய்கறியும் 400 கிராம்
பழம் 100 கிராம்
நிலக்கடலை, எள் போன்ற கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம்
பால் அல்லது தயிர் 300 மில்லி
எண்ணெய் 27 கிராம்

நடவு, களை, அறுவடை என்று கடுமையாக உழைக்கும் நாட்களில் தானியத்தைக் கூட்டிக் கொள்ளலாம். வேலையில்லாத கோடை நாட்களில் குறைத்துக் கொள்ள வேண்டும். பயிரின் பருவத்திற்கு ஏற்ப உரமிடுவது போன்றதே இது.

உப்பும் எண்ணெயும்

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. இது ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று எழுதி வைத்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பு இதற்கு மேல் கணக்கு. வெயிலில் வியர்க்கிறதே என்று கஞ்சியில் கூடுதலாக உப்புப் போட வேண்டியதில்லை. வழக்கமான உணவில் உள்ளதே பெரும்பாலோருக்குப் போதும். தண்ணீரைத்தான் அடிக்கடி குடிக்க வேண்டும்.

உப்பைக் குறைத்தால் உண்மையில் பலன் உண்டா? சீன நாட்டில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21 ஆயிரம் பேரிடம் ஐந்து ஆண்டுகள் சோதனை செய்தனர். பக்கவாதம் வந்தவர்களும், 60 வயது கடந்த இரத்தக் கொதிப்புக்காரர்களும் இதில் பங்கு பெற்றனர். பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்த உப்பைக் கொடுத்தனர். அக்கிராமங்களில் பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. இது 2021-இல் வெளியான முடிவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் பொட்டாசியம் உப்பை டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. மற்றவர்களுக்குக் கீரை, வாழைப்பழம், பருப்பு, காய்கறிகளிலேயே பொட்டாசியம் தாராளமாகக் கிடைக்கிறது.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே செலவாக வேண்டும். நான்கு பேருக்கு மூன்றரை லிட்டர். தேங்காய் எண்ணெயில் 100-க்கு 90 பங்கு, கெட்ட கொழுப்பை உயர்த்தும் வகையைச் சேர்ந்தது. பாமாயிலிலும் இவ்வகைக் கொழுப்பு அதிகம். நிலக்கடலை, நல்லெண்ணெய் ஆகியவற்றில் இது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. செங்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் வருத்தப்பட வேண்டாம். துவையலுக்கும் அவியலுக்கும் அளவாகத் தேங்காய் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. பொரிப்பதையும் வறுப்பதையும் குறைக்க வேண்டும் என்பதே கருத்து. ஒரு முறை காய்ந்த எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்சுவதைத் தவிர்க்கவும்.

பீடி

நம் மாவட்டத்தில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் பீடி சுற்றுவது. ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 'பீடி சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை' என்பது தவறு. இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியில், பீடி மட்டும் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு.

பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு தொல்லை. நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்தே இருக்கின்றனர். அரை மணி நேரத்திற்கு ஒரு முறை எழுந்து, முற்றத்தில் சிறிது நடந்துவிட்டு உட்கார வேண்டும். காலையிலோ மாலையிலோ அரை மணி நேரம் வேகமாக நடப்பது நல்லது.

வரப்பிலும் கொல்லையிலும் மருந்து

பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் விவசாயியின் வீட்டிலேயே காய் இல்லாத குழம்பு கொதிப்பதைக் காண்கிறோம். நல்லதை விற்றுவிட்டு, மீந்ததை உண்பது நம் வழக்கம். நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ கீரையும் காயும் வேண்டும். இதைக் காசு கொடுத்து வாங்குவது கடினம், விளைவிப்பது எளிது.

வீட்டுக் கொல்லையில் இரண்டு, மூன்று சென்ட் இடம் இருந்தால் போதும். குளிக்கும் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பி விடலாம். தண்டுக்கீரை, அரைக்கீரைப் பாத்திகளைப் பத்து நாளுக்கு ஒன்றாக விதைத்தால், ஒன்று முடியும்போது மற்றது பறிப்புக்கு வரும். வேலியோரம் பெரியகுளம் 1 முருங்கை இரண்டு நட்டால் ஆறு மாதத்தில் காய்க்கும், கீரைக்கும் ஆகும். பந்தலில் அவரையும் புடலையும் ஏற்றலாம்.

நெல் வயலின் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். வம்பன் 8 உளுந்து 65 முதல் 70 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். வரப்புப் பயிர் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தங்குமிடமாவதால் நெல்லுக்கும் நல்லது. வீட்டுக்குப் புரதமும் சேரும். சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரி விவசாயிகள் மக்காச்சோளத்தோடு நின்றுவிடாமல், வீட்டுத் தேவைக்காவது கம்பு, சோளம், பாசிப்பயறு விதைத்துக் கொள்ளலாம். விளைந்த நெல்லை வீட்டுக்கு அரைக்கும்போது, அதிகம் தீட்ட வேண்டாம் என்று ஆலைக்காரரிடம் சொல்லுங்கள்.

குற்றாலத்தில் கவனம்

சாரல் காலத்தில் குற்றாலம் போகாத குடும்பம் நம் பக்கத்தில் இல்லை. அருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுத் திரும்புவது ஒரு மகிழ்ச்சி. ஆண்டில் ஒரு முறை, இரு முறை என்றால் குற்றமில்லை. மைதா பரோட்டாவும் சால்னாவும் உள்ளூரில் அன்றாட இரவுச் சாப்பாடாக மாறுவதே தீங்கு.

இருதய நோய் உள்ளவர்களும், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களும் வேகமாக விழும் அருவியின் அடியில் நிற்க வேண்டாம். திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் சட்டென்று ஏறும். ஓரமாக, மெல்ல உடலை நனைத்துக் குளிக்கலாம். மது அருந்திவிட்டோ வயிறு முட்ட உண்டுவிட்டோ குளிப்பது எல்லோருக்கும் ஆபத்து. எண்ணெய் மசாஜ் உடல் அலுப்பைத் தீர்க்கும். குழாயில் படிந்த கொழுப்பைக் கரைக்காது.

மண் பரிசோதனை, உடல் பரிசோதனை

மண்ணைச் சோதிக்காமல் உரமிடுவது வீண் செலவு. அது போல் 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக் கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலும், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலும் இருந்தால் டாக்டரின் ஆலோசனை அவசியம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. உங்கள் உயரத்திற்கு ஒரு கயிறு அளந்து, அதை இரண்டாக மடியுங்கள். அந்த நீளம் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி வரவேண்டும். வராவிட்டால் வயிற்றில் கொழுப்பு அதிகம் என்று பொருள்.

இரத்தக் கொதிப்பு வலி தராது. அதனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறோம். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. இதை ஒட்டியே வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், இடது கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வெறும் களைப்பாகவோ நெஞ்செரிச்சலாகவோ தோன்றலாம். 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் பொழுது போக்கினால், இருதயத் தசை நிமிடத்திற்கு நிமிடம் மடிந்து கொண்டிருக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே அந்த வசதி உள்ளது என்பதை இன்றே கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து நோயாளியைக் கொண்டு செல்ல வேண்டாம்.

அடுத்த மழைக்குள் கொல்லையில் இரண்டு கீரைப் பாத்தி, வரப்பில் ஒரு வரிசை உளுந்து, வேலியில் ஒரு முருங்கை, உப்புப் பொட்டலத்தின் மேல் வாங்கிய தேதி, ஒரு முறை இரத்த அழுத்தப் பரிசோதனை. செலவில்லாத இந்த ஐந்தையும் உழவர் பெருமக்கள் முதலில் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் உலை வைக்கும் தாய்மார்களிடமும் இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக் கொள்கிறேன்.